பன்னிரண்டு கிணறும் பம்பாய்த் தொட்டியும்

நீர் இறைக்கும் கவலையின் தோல் வாலுக்கு எண்ணெய் போடுவது கமலாத்தாளின் வேலை. அந்த வீட்டில் வேறு எவரும் அதைத் தொடுவதில்லை. மாடுகள் இழுக்க இழுக்கக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வருமே இரும்புப் பறி, அதன் அடியில் ஆனைத் துதிக்கை மாதிரித் தொங்குகிற எருமைத் தோல் குழாய் அது. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தே கிடந்தால் அழுகும். இரண்டும் ஆகாமலிருக்க வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, மேலே படர்ந்த வழவழப்பை ஓட்டாஞ்சில்லால் வழித்துப் போட்டு, புங்கெண்ணெயை உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். தேய்த்த கையைப் புளியாலும் சாம்பலாலும் எத்தனை கழுவினாலும், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது நாற்றம் முந்திக்கொண்டு வரும்.

“எருமை செத்து ஆறு வருசமாச்சு, நாத்தம் மட்டும் இன்னுஞ் சாகமாட்டேங்குது” என்பாள்.

வாளையாற்றுக்கு இந்தப் பக்கம், கல்லுக்களத்தில், காளிச்சாமிக் கவுண்டருக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்தது பதினாறு வயதில். பிறந்த வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நவக்கரையில். வந்த புதிதில் கவலை ஓட்டப் பண்ணையாள் இருந்தான். அவன் மதுக்கரைச் சிமிட்டி ஆலைக்கு வேலைக்குப் போனான். பிறகு காளிச்சாமி ஓட்டினார். அவருக்குக் குடல் இறங்கி, பளு இழுக்கக் கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்ன நாளிலிருந்து கமலாத்தாள் ஓட்டுகிறாள். அது ஆயிற்று பதினோரு வருஷம்.

ஆண்பிள்ளை ஓட்டினால், மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வான். பாரம் சேரும், மாட்டுக்கும் சுலபம், ஆளுக்கும் சவாரி. பெண்பிள்ளை கயிற்றில் கால் போட்டு உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். ஆகவே அவள் நடந்தாள். சரிவில் இறக்கம், பின்பக்கமாக ஏற்றம், மறுபடி இறக்கம். விடியலில் தொடங்கி வெயில் ஏறும் வரை இருநூறு தடவை. இரவில் படுத்தால் பாயும் சரிந்து கிடப்பது போலிருக்கும். மாட்டின் பிடரியில் நுகம் தேய்த்த புண்ணில் புழு வைத்தால், கர்ப்பூரமும் புகையிலையும் வைத்துக் கட்டி ஒவ்வொன்றாக எடுத்துப்போடுவதும் அவள்தான். அந்த நேரத்தில் காளிச்சாமி வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்வார். புழுவைப் பார்த்தால் அவருக்கு ஆகாது.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணியில் மொய்தீன் ராவுத்தர் ஒரு காகிதத்தோடு வந்தார். ரயில்பாதைக்கு அருகே கடலைக்காய்க் களம் வைத்திருக்கிறவர். மின்சார ஆபீஸ்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கம்பம் நட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் பன்னிரண்டு கிணற்றுக்காரர்கள், பத்து வருஷம் கரண்டு மோட்டார் ஓட்டுகிறோம் என்று கையெழுத்துப் போட்டால், ஆற்றைத் தாண்டிக் கம்பி இழுப்பார்கள். பத்துப் பேர் போட்டிருந்தார்கள்.

“எனக்கு இதுல லாபம் இல்லாம நான் அலையலை, கவுண்டரே” என்றார் ராவுத்தர். “கம்பி வந்தா நான் ஒரு எண்ணெய் மில்லு வைப்பேன். மறைச்சு என்ன ஆகப்போகுது? ஆனா ஐப்பசி பாதிக்குள்ள மனு கோயமுத்தூர் போய்ச் சேரணும். நவம்பர் ஒண்ணாந்தேதி மாநிலம் பிரியுது. நாம கேரளாவாம். அப்புறம் அந்தக் கம்பம் வேற ராஜ்ஜியத்துக் கம்பம்.”

காளிச்சாமி கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து மேற்குத் தோட்டத்துக்காரரும் போட்டார். பன்னிரண்டு ஆயிற்று. அன்றைக்குக் கமலாத்தாள் தோல் வாலைக் கழற்றவில்லை. அடுத்த வாரத்தில் எண்ணெய் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். இனி எத்தனை வாரம் என்று விரல் விட்டுப் பார்த்ததாக மகள் தெய்வாத்தாளிடம் சொல்லிச் சிரித்தாள்.

மனுவோடு எல்லோரையும் ஒருமுறை களத்தில் கூட்டி, படித்துக் காட்டி அனுப்புவது என்று ராவுத்தர் நாள் குறித்தார். அதற்கு முந்தின நாள் நஞ்சப்பன் வந்தான்.

நஞ்சப்பன், காளிச்சாமியின் தங்கை வள்ளியாத்தாளின் மகன். வேலந்தாவளத்துப் பிள்ளை. கோயமுத்தூரில் தொழிற்படிப்புப் படித்து, பம்பாய்க்குப் போய், அங்கே சர்க்கார் அணுசக்திக்காகக் கட்டியிருக்கும் உலையில் வேலை பார்க்கிறவன். தெய்வாத்தாளுக்கு முறை மாப்பிள்ளை. அவள் பிறந்தபோதே பேசி வைத்தது. அந்த உலை ஒரு மாதத்துக்கு முன்தான் முதன்முதலாக உயிர் பெற்றது என்று பேப்பரில் வந்திருந்தது. அதிலிருந்து காளிச்சாமி வெற்றிலை வாங்கப் போனால்கூட அந்தப் பேச்சுத்தான்.

அடுப்படியில் மணையைப் போட்டு, களியும் கீரையும் வைத்துவிட்டு, கமலாத்தாள் அவனிடம் எல்லாம் கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

“அங்க நீ என்ன சோலி பாக்கற மாப்ள?”

“தண்ணி சுத்தம் பண்ற பகுதிங்க அத்தை. பெரிய காங்கிரீட் தொட்டி. நம்ம கெணத்து ஆழம் இருக்கும். உள்ள கண்ணாடி மாதிரித் தண்ணி. அதுக்கடியிலதான் யுரேனியம். தண்ணியில ஒரு தூசு இருக்கக்கூடாது. சுத்திச் சுத்தி இறைச்சு வடிகட்டிக்கிட்டே இருக்கணும்.”

“அட, நீயும் தண்ணிதான் எறைக்கறயா! இதுக்கா பம்பாய்க்குப் போன? இங்கயே நாலு சால் ஓட்டியிருக்கலாமல்ல?”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல பையன்தான். களி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டான்.

“மாடு வேண்டாமுங்க அங்க. எல்லாம் பம்புதான்.”

“அந்தப் பம்பு எதுல ஓடுது?”

“கரண்டுலதானுங்க.”

“அந்தத் தொட்டியில எடுக்கற கரண்டா?”

நஞ்சப்பன் கீரையைத் தொட்டு நக்கினான். “இல்லீங்க. அது பம்பாய்க் கரண்டு. மலையில அணை கட்டித் தண்ணியில எடுக்கறது. நம்ம தொட்டியில கரண்டு எடுக்கறதில்லீங்க அத்தை. அது ஆராய்ச்சிக்கு. எப்படிச் சூடாகுது, எப்படி அடக்கறது, எந்த உலோகம் தாங்கும், இதெல்லாம் படிச்சுக்கறதுக்கு. அதைக் கத்துக்கிட்டுப் பெருசா ஒண்ணு கட்டணும். அதுலயும் கத்துக்கிட்டு அப்பறந்தான் கரண்டுக்குன்னு கட்டறது.”

“அப்படின்னா இது பதம் பாக்கற அடுப்பு.”

“அப்படியே வெச்சுக்கங்க.”

“பந்தி எப்ப?”

“பதினஞ்சு வருசம், இருவது வருசம்னு பெரியவங்களே பேசிக்கறாங்க. வந்துச்சுன்னா வெல கொறைவாத்தான் இருக்கும். கரி சொமந்து வரவேண்டியதில்ல பாருங்க.”

கமலாத்தாளுக்கு அது பிடித்திருந்தது. பதம் பார்க்காமல் பந்தி போடுகிறவர்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். இத்தனை பெரிய வேலையை இவ்வளவு நிதானமாக, படித்துப் படித்துச் செய்கிறார்கள் என்றால் நல்லதுதானே. இன்னும் இருபது வருஷம் கழித்துத் தெய்வாத்தாளின் பிள்ளைகளுக்கு வரட்டும். அதுவரைக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பி போதும்.

மறுநாள் களத்தில் நாற்பது பேர் கூடினார்கள். பெண்கள் வைக்கோற்போர் ஓரமாக நின்றார்கள். ராவுத்தர் மனுவைப் படித்து முடித்ததும் காளிச்சாமி எழுந்து, “நம்ம மாப்ள வந்திருக்காரு, பம்பாயில அணு உலையில இருக்காரு, ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே” என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

நஞ்சப்பன் புஷ்கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தான். முதல் இரண்டு வார்த்தை அடுப்படியில் சொன்ன மாதிரியேதான் இருந்தன. தொட்டி, தண்ணீர், ஆழத்தில் தெரிகிற நீல வெளிச்சம். அந்த நீல வெளிச்சத்தில் கூட்டம் வாயைப் பிளந்தது. பிளந்த வாய்களைப் பார்த்ததும் பையன் மாறினான். ஒரு கைப்பிடி உலோகம் ஒரு கூட்ஸ் வண்டிக் கரிக்குச் சமம் என்றான். அதற்கு ஒரு சலசலப்பு. கொல்லத்துக் கடற்கரையில் கருமணல் கொட்டிக் கிடக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, நாளைக்கு அணு அடுப்புக்கு அதுதான் விறகு என்றான். அதற்கு இன்னும் பெரிய சலசலப்பு.

“கொல்லமா? அது நவம்பர் ஒண்ணாந்தேதியில இருந்து நம்ம மாநிலமல்ல?” என்றார் மேற்குத் தோட்டத்துக்காரர்.

“ஆமாங்க.”

“அப்ப வெறகு நம்மளது. கரண்டும் மொதல்ல நமக்குத்தான?”

“நெயாயமா அப்படித்தானுங்க வரோணும்.”

“எத்தன வருசத்துல?”

கமலாத்தாள் போர் ஓரத்திலிருந்து பார்த்தாள். நஞ்சப்பன் ஒரு நொடி பெண்கள் பக்கம் திரும்பினான். அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியும். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “அஞ்சு வருசம். மிஞ்சினா ஏழு. வெல, தண்ணி வெலதானுங்க.”

கமலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றைக்கு இவளிடம் களி வாங்கித் தின்ற வாய்தானே அது.

“இந்த மனுவுல பத்து வருசமல்ல எழுதியிருக்குது?” என்று ஒருவர் கேட்டார். “அஞ்சு வருசத்துல தண்ணி வெலைக்குக் கரண்டு வந்தா, பத்து வருசம் மெட்ராஸ்காரனுக்கு எதுக்குக் கட்டுப்பட்டுக் கெடக்கோணும்?”

எல்லோரும் காளிச்சாமியைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பெரியவர் அவர். மாப்பிள்ளையும் அவருடையது. காளிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்ற கையெழுத்தை அடிச்சிருங்க ராவுத்தரே. நாங்க பொறுத்துக்கறோம்” என்றார்.

“கவுண்டரே, அந்தத் தம்பி சொல்றது வரும், நான் இல்லைங்கலை. வர்ற வரைக்கும் கெணத்துல இருந்து தண்ணிய யாரு மேல ஏத்துறது?”

“இத்தன நாள் ஏத்துனவங்க ஏத்துவாங்க.”

அந்த ஏத்துனவங்க யார் என்று களத்தில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் போர்ப் பக்கம் திரும்பவில்லை. காளிச்சாமியின் பெயர் அடிபட்டதும் எட்டுப் பேர் வரிசையாக வந்து அடிக்கச் சொன்னார்கள். அவருக்கு உள்விஷயம் தெரியாமலா அடிப்பார் என்பது அவர்கள் கணக்கு. மிச்சம் மூன்று. ராவுத்தர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “மூணு கெணத்துக்குக் கரண்டுக்காரன் ஆத்தைத் தாண்ட மாட்டான்” என்று மட்டும் சொன்னார்.

அன்று பொழுது சாயப் பால் கறக்கும்போது கமலாத்தாள் கேட்டாள். “ஏனுங்க, அந்தத் தொட்டி கரண்டு குடுக்கறதில்ல, கரண்டத் திங்கறதுன்னு அவனே எங்கிட்டச் சொன்னான். உங்களுக்குச் சொல்லலையா?”

“சொன்னான்.”

“எப்ப?”

“நேத்து ராத்திரி, படுக்கறப்ப.”

அவள் கறப்பதை நிறுத்தினாள். “தெரிஞ்சா அடிச்சீங்க?”

“பின்ன என்ன பண்ணச் சொல்ற? சபையில எந்திரிச்சு மாப்ள சொல்றது பொய்யின்னு நானே சொல்லோணுமா? அவன் பேசி முடிச்சப்பறம் நாங் கையெழுத்தை விட்டு வெச்சா அதுக்கு வேற என்ன அர்த்தம்? பொண்ணு குடுக்கற மாமனே நம்பலைன்னு ஊரே கைகொட்டும். வள்ளியாத்தா அதோட ஒறவை அறுத்துக்குவா. ஒரு மோட்டாருக்காகப் பொண்ணுக்கு மாப்ள இல்லாமப் பண்ணச் சொல்றயா?”

அவர் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. அந்த ஊரில் முறை மாப்பிள்ளை வெயிலை நிலவு என்றால், மாமன் போர்வை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதனால்தான் அவளுக்கு அருவருப்பு இன்னும் ஏறியது. நம்பி ஏமாந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பாள். இவர் நம்பவில்லை. மற்ற எட்டுப் பேரும் இவரை நம்பினார்கள். ஒன்பது கிணறு, ஒரு மரியாதைக்காக. இதில் அவளுக்கும் பங்கிருந்தது. போர் ஓரத்தில் நின்றுகொண்டு, மாப்பிள்ளையாகப் போகிறவன் என்று அவளும்தானே வாயை மூடிக்கொண்டாள். மடியைக் கழுவிய தண்ணீரில் கை நாறியது. எழுந்து பாலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தோல் வாலைக் கழற்றி எண்ணெய்க் கலயத்தை எடுத்தாள்.

நவம்பர் முதல் தேதி பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். ராவுத்தர் தை மாதம் பாலக்காட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். பழைய மனு செல்லாது. புது சர்க்காருக்குப் புது மனு. மனுவுக்கு அங்கே அபேக்ஷை என்று பெயர், மலையாளத்தில் எழுதவேண்டும். இந்தப் பக்கத்துக் கம்பி எங்கிருந்து வரும் என்று இன்னும் முடிவாகவில்லை.

“உன்ற மருமகன் கருமணலைத் தலைச்சுமையாக் கொண்டுவந்து எறக்கினா, நாலு வீட்டுக்கு ஆகும் அம்மணி” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தன் வார்த்தைக்குத் தானே வருத்தப்பட்டவர் போல, ஒரு கை கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்கு எடுத்துப் போட்டார்.

கிணற்று மேட்டில் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பங்கள் தெரியும். நவக்கரையில் அவளுடைய தம்பி, விடிந்ததும் மோட்டாரின் கொம்பை அழுத்திவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுகிறானாம். அவன் பெண்டாட்டிக்குப் பகலில் தூக்கம் வருகிறதாம். பங்குனியில் இங்கே கிணற்றுத் தண்ணீர் இறங்கியது. பறி ஆழத்துக்குப் போக, வடம் நீள, சரிவும் நீண்டது. சித்திரையில் இடது மாடு சரிவின் பாதியில் முன்னங்கால் மடங்கி விழுந்தது. முட்டி தோலுரிந்து எலும்பு வெளியே தெரிந்தது. ஈ மொய்த்தது. காளிச்சாமி வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மாடு எழுந்தது, ஆனால் பழைய இழுவை இல்லை. இருநூறு தடவையில் ஆகிற வேலைக்கு முந்நூறு தடவை வேண்டியிருந்தது. பாதியைத் தெய்வாத்தாள் ஓட்ட ஆரம்பித்தாள். பத்தொன்பது வயதுப் பெண். அவளும் நடந்துதான் ஓட்டினாள்.

வைகாசியில் வள்ளியாத்தாளும் நஞ்சப்பனும் ஒறம்பரைச் சொந்தம் நாலு பேரும் தட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளறையில் ஜமக்காளம் விரித்துக் காளிச்சாமி எல்லோரையும் உட்கார வைத்தார். வள்ளியாத்தாள் மூக்கைச் சுளித்து, “என்னண்ணா, ஊட்டுக்குள்ள இந்த நாத்தம்?” என்றாள்.

“புங்கெண்ணெய்” என்றாள் கமலாத்தாள்.

முந்தின நாள்தான் மகளிடம் அவள் கேட்டிருந்தாள், உனக்குச் சம்மதமா என்று. தெய்வாத்தாள் மடை மாற்றிய சேற்றுக் கையோடு நின்று, “பம்பாயில கவலை ஓட்டவேண்டியதில்லையல்ல?” என்றாள். அவ்வளவுதான். அது சம்மதமா, அசதியா என்று தாய்க்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதையே இரவெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பன் ஒரு பேப்பர் படத்தை விரித்தான். தொட்டியைச் சுற்றிப் பெரிய பெரிய ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையில் விழா நடந்ததாம், உலைக்குப் பெயரும் வைத்தாயிற்றாம். அந்தத் தூணுக்குப் பின்னால்தான் நான் நின்றேன் என்று காட்டினான். தூண் மட்டும் தெரிந்தது.

“அப்ப இனி எப்ப மாப்ள, கரண்டு?” என்றார் காளிச்சாமி.

“கனடாக்காரங்களோட சேந்து அடுத்ததைக் கட்டிக்கிட்டிருக்கோமுங்க மாமா. இதை விடப் பெருசு.”

“அதுல வருமா?”

“அதுவும் ஆராய்ச்சிக்குத்தானுங்க.”

ஒறம்பரையில் ஒருவர் இருமினார். காளிச்சாமி தன் முழங்காலைப் பார்த்தபடி, “இல்ல, அன்னைக்கு அஞ்சு வருசம்னு…” என்று இழுத்தார்.

“நானென்னுங்க மாமா, கையெழுத்தை அடிங்கன்னா சொன்னேன்? எனக்குத் தெரிஞ்ச விசயத்தைச் சொன்னேன். அடிச்சது நீங்கல்லாம் சேர்ந்து எடுத்த முடிவுங்க.” குரலில் கள்ளமே இல்லை. அப்படித்தான் நடந்தது என்று அவன் நம்பிவிட்டிருந்தான்.

“அதுவுஞ் செரிதான், அதுவுஞ் செரிதான்” என்று காளிச்சாமி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கமலாத்தாள் ஜமக்காளத்தின் கோட்டைப் பார்த்தாள். நாற்பது பேருக்கு முன்னால் கையெழுத்தை அடித்த ஆள், இப்போது அதற்கான பழியையும் இரண்டு கை நீட்டி வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறார்.

வெளியே கிணற்று மேட்டில் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. தெய்வாத்தாளைக் குளித்துச் சேலை கட்டச் சொல்லியிருந்தது. ஆனால் மிளகாய்ப் பாத்தி பாதியில் நின்றால் சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும் என்று, இன்னும் பத்துச் சால் என்று போயிருந்தாள்.

வள்ளியாத்தாள் பூவும் வெற்றிலையும் தேங்காயும் வைத்த தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். பெண்ணின் தாய் முந்தானை விரித்து வாங்கினால்தான் அது முடிந்த பேச்சு. அதுவரைக்கும் ஆண்கள் எத்தனை பேசினாலும் கணக்கில்லை.

“என்ன அண்ணி, அப்படியே ஒக்காந்திருக்கற? வாங்கிக்க.”

கமலாத்தாள் கையைத் தூக்கவில்லை.

“ஏனுங்க அத்தை,” என்றான் நஞ்சப்பன் மெதுவாக, “எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா? நாஞ் சொன்னதுல எது பொய்யின்னு சொல்லிப்போடுங்க.”

அடுப்படியில் சொன்னது பொய்யில்லை. களத்தில் சொன்னதைப் பொய் என்று எடுத்துச் சொன்னால், தட்டு வந்த வழியே திரும்பிப் போகும். பெண் சரிவிலேயே நடப்பாள். சொல்லாமல் முந்தானையை விரித்தால், இவளும் இன்றைக்கு ஒரு கையெழுத்தை அடித்தவளாவாள்.

வள்ளியாத்தாள் தட்டைத் தூக்கியபடியே இருந்தாள். காளிச்சாமி, “கேக்கறாங்கல்ல, சொல்லு” என்றார்.

கமலாத்தாள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, ஜமக்காளத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி, கதவைத் தாண்டி வெயிலுக்குள், கிணற்று மேட்டைப் பார்த்துப் போனாள்.